பழைய ராம்ப் டிரக்: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

ஒரு காரை இன்னொரு வண்டியின் முதுகில் ஏற்றிக்கொண்டு போவதா, பின்னால் கட்டி இழுத்துப் போவதா? அமெரிக்கக் கார்ப் பந்தய உலகில் எழுபது ஆண்டுகளாக இந்தக் கேள்விக்குப் பதில்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஒவ்வொரு தலைமுறையும் தன் பதிலைச் சொல்லிவிட்டு அடுத்த வண்டிக்கு மாறியது. முதுகில் ஏற்றும் பதிலின் அடையாளமாக எஞ்சியிருப்பது ராம்ப் டிரக். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் பந்தயக் குழுக்களுக்காக அங்கங்கே பட்டறைகளில் கட்டப்பட்ட இந்த வண்டிகள் பல ஆண்டுகள் பண்ணைக் கொட்டகைகளிலும் பழைய இரும்புக் கிடங்குகளிலும் கிடந்தன. இப்போது பழைய கார் ஆர்வலர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். வாங்கிய மறுநாளே அடுத்த கேள்வி வந்து நிற்கிறது. ஐம்பது வயதான இந்த லாரியை இன்றைய நெடுஞ்சாலைக்கு எப்படித் தயார்செய்வது? எவ்வளவு மாற்றலாம்? எதை மாற்றினால் அது ராம்ப் டிரக்காகவே இருக்காது?

இதற்கு நான்கு விதமான பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. நான்குக்கும் தனித்தனி வேர் உண்டு. தனித்தனிப் பலவீனமும் உண்டு. அவற்றைப் பார்ப்பதற்கு முன் வண்டி எதுவென்று தெளிவாகிவிட வேண்டும். நம் ஊர்ச் சாலைகளில் பழுதான காரை ஏற்றிப்போகும் வண்டியில் படுகை முழுவதும் ஹைட்ராலிக் விசையில் பின்னோக்கி வழுக்கித் தரையைத் தொடும். ராம்ப் டிரக் அந்த வகை இல்லை. அதன் படுகை அசையாது. கேபினுக்குப் பின்னாலிருந்து வால்வரை நீளும் இரும்புத் தளம், வால் பக்கம் சற்றே கீழ்நோக்கிச் சரிந்திருக்கும். அங்கிருந்து இரண்டு சாய்தளங்களை உருவித் தரையில் ஊன்றி, காரை ஓட்டியோ வின்ச் வைத்து இழுத்தோ ஏற்ற வேண்டும். அடியில் இருப்பது பெரும்பாலும் பின்பக்கம் இரட்டைச் சக்கரம் போட்ட ஒரு டன் வகை லாரி: செவ்ரோலே சி-30, ஃபோர்டு எஃப்-350, டாட்ஜ் டி-300. பெரிய குழுக்கள் இவற்றைவிடக் கனமான லாரிகளையும் எடுத்தன.

## முதுகில் ஏற்றும் வழக்கம் வந்த விதம்

அமெரிக்காவின் தேசிய ஹாட் ராட் சங்கம் 1951-இல் தொடங்கியபோது பந்தயத்துக்கு வந்த கார்களில் பல சாலையில் ஓடியே வந்தன. சாலையில் ஓட்ட முடியாதவற்றை இழுப்புக் கம்பி மாட்டி வேறொரு காரின் பின்னால் கட்டி இழுத்து வந்தார்கள். ஐரோப்பாவில் தொழிற்சாலைக் குழுக்கள் அப்போதே வேறு வழி பார்த்தன. மெர்சிடிஸ்-பென்ஸ் 1954-55 காலத்தில் தன் பந்தயப் பிரிவுக்காக ஒரே ஒரு நீல நிற வண்டியைக் கட்டியது. 300 எஸ்எல் காரின் எஞ்சினோடு, ஒரு பந்தயக் காரை முதுகில் சுமந்தபடி மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடக்கூடியது அது. கேபின் முன் அச்சுக்கும் முன்னால் துருத்தியிருக்கும். அதனால் கார் நிற்கும் தளம் தாழ்வாகவும் முன்தள்ளியும் அமைந்தது. அந்த வண்டி 1967-இல் உடைத்துப் போடப்பட்டது. பின்னாளில் பெரும்பாலும் பழைய புகைப்படங்களை வைத்தே அதை மறுபடி உருவாக்கி 2001-இல் முடித்தார்கள். இத்தாலியில் பார்டொலெட்டி பட்டறை 1956-இல் ஃபியட் சேசிஸ்மீது கட்டிய லாரியின் கதையும் நீளமானது. மசெராட்டி குழுவிடம் தொடங்கி, லான்ஸ் ரெவென்ட்லோவின் ஸ்காரப் குழு, கரோல் ஷெல்பியின் கோப்ரா குழு என்று கைமாறி, கடைசியில் 1971-இல் வெளிவந்த ‘லெ மான்’ திரைப்படத்திலும் அது தலைகாட்டியது.

அமெரிக்காவில் இந்த வழக்கம் பரவியதற்குப் பணமும் விளம்பரமும் சேர்ந்த காரணம் இருந்தது. அறுபதுகளின் நடுவில், நேர்கோட்டில் ஓடும் டிராக் பந்தயக் கார்கள் சாலைக்கு முற்றிலும் ஒவ்வாதவையாக மாறின. ஒரு டன் லாரியைக் கேபினும் சேசிஸுமாக மட்டும் வாங்கி, ஊர்ப் பட்டறையில் படுகை கட்டிக்கொள்வது ஒரு சிறு குழுவுக்கும் எட்டும் செலவு. மேலே நிற்கும் கார் ஊரெல்லாம் பார்க்கும்படி ஊர்வலம் போனது. வட கரோலினாவின் சாக்ஸ் அண்ட் மார்ட்டின் குழு பிளைமவுத் விற்பனைக் கூடங்களில் ரசிகர்களுக்குச் செயல்விளக்கம் நடத்தப் போன நாட்களில், வாசலில் நிற்கும் லாரியே பாதி விளம்பரம். டான் புரூதோம், டாம் மெக்யூவன் இருவரையும் 1970-இல் மேட்டல் நிறுவனத்தின் ஹாட் வீல்ஸ் பொம்மைக் கார்கள் ஆதரித்தபோது, அவர்களின் பந்தயக் கார்களைச் சுமந்த டாட்ஜ் லாரிகளும் கார்களுக்கு இணையாகப் புகழ்பெற்றன. ரிச்சர்ட் பெட்டியின் நீல நிற டாட்ஜ் லாரி ஸ்டாக் கார் ரசிகர்களின் நினைவில் இன்றும் இருக்கிறது.

பிறகு ஏன் மறைந்தது? உதிரி எஞ்சின்கள், கருவிகள், டயர்கள், தூங்க இடம் தேடும் ஆட்கள் என்று குழுவின் சுமை கூடிக்கொண்டே போனது. திறந்த தளத்தில் அவற்றுக்கு இடமில்லை. மூடிய டிரெய்லர் எல்லாவற்றையும் ஒரே கூரைக்குள் பூட்டி வைத்தது. எண்பதுகளுக்குள் பெரிய குழுக்கள் பெரும்பாலும் அந்தப் பக்கம் போய்விட்டன.

## எல்லா வாதத்துக்கும் அடியில் இருக்கும் எடை

ராம்ப் டிரக்கைப் பற்றிய விவாதம் எங்கே தொடங்கினாலும் சீக்கிரமே எஞ்சினுக்குப் போய்விடுகிறது. எந்த வி8, எந்த டீசல், எத்தனை குதிரைத்திறன் என்றே பேச்சு நீள்கிறது. அதற்கு முன்பே முடிவாக வேண்டியது எடைக் கணக்கு. அதைத் தள்ளிவைப்பதுதான் இந்தத் துறையின் பெரிய குறை.

அக்கால ஒரு டன் லாரிகளில் பலவற்றுக்குத் தயாரிப்பாளர் வைத்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 4,530 கிலோ. லாரி, படுகை, எரிபொருள், ஆட்கள், கார் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். வி8 எஞ்சின் பொருத்திய கேபினும் சேசிஸும் 2,100 கிலோ. ஆறு மீட்டர் நீள இரும்புப் படுகை, சாய்தளங்கள், வின்ச், கருவிப்பெட்டிகள் சேர்ந்து 1,100 கிலோ. டீசலோ பெட்ரோலோ நிரப்பி இரண்டு பேர் ஏறினால் 250 கிலோ. மொத்தம் 3,450. மீதம் 1,080 கிலோதான். எழுபதுகளின் டிராக் பந்தய வகையான ஃபன்னி கார் ஒரு டன்னைச் சுற்றித்தான் இருந்தது. அது இந்தக் கணக்குக்குள் ஏறக்குறையப் பொருந்திவிடும். ஆனால் இன்றைக்கு ராம்ப் டிரக் வாங்குபவர் ஏற்ற நினைப்பது பெரும்பாலும் 1970-ஐ ஒட்டிய ஒரு முழு செவெல் காரையோ ரோடு ரன்னரையோ. அவை 1,600 கிலோவைத் தாண்டும். வண்டி வாசலைவிட்டு இறங்கும்போதே வரம்பைவிட அரை டன் கூடுதல்.

‘அந்தக் காலத்தில் ஏற்றினார்களே’ என்று பதில் வரும். ஏற்றியிருக்கலாம். ஸ்டாக் கார்கள் ஒன்றும் இலேசானவை அல்ல. ஆனால் அன்றைய வேகமும் போக்குவரத்தும் வேறு. எரிபொருள் நெருக்கடியை ஒட்டி 1974 ஜனவரியில் அதிபர் நிக்சன் கையெழுத்திட்ட சட்டம் நாடு முழுக்க மணிக்கு 55 மைல் என்று உச்சவேகம் வைத்தது. அது 1995-இல்தான் முற்றாக நீங்கியது. இன்று பல மாநிலங்களில் நகரங்களுக்கு வெளியே 70 மைலும் அதற்கு மேலும் அனுமதி. அன்று சமாளித்த சுமையை அதே பிரேக்கோடு இன்றைய ஓட்டத்தில் கலந்து ஓட்டுவது வேறு காரியம்.

சுமை எங்கே உட்காருகிறது என்பதும் சுமைக்குச் சமமான கேள்வி. படுகை நீளமாக இருக்க வேண்டும் என்பதால் பலரும் அதைப் பின் அச்சுக்கு அப்பால் நீட்டிவிட்டார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நான்கு மீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 1,600 கிலோ காரின் ஈர்ப்புமையம் பின் அச்சுக்கு அரை மீட்டர் பின்னால் வந்துவிட்டால், முன் சக்கரங்களிலிருந்து 200 கிலோ குறைந்துவிடும். பின் அச்சில் காரின் எடையோடு அந்த 200 கிலோவும் கூடும். ஸ்டீரிங் கையில் இலேசாகும். மழையில் முன் சக்கரம் பிடிக்காது. பிரேக் அடித்தால் முன்பக்கம் வழுக்கும். எஞ்சின் முன்னால் உள்ள காரை மூக்கு கேபினை நோக்கி இருக்கும்படி ஏற்றினால் இது கொஞ்சம் சரியாகும். அப்படி ஏற்றியும் காரின் ஈர்ப்புமையம் பின் அச்சைத் தாண்டினால், அந்தப் படுகை அந்தச் சேசிஸுக்குக் கட்டப்பட்டதல்ல என்றே கொள்ள வேண்டும்.

## வாங்கும் இடத்தில்

பெயின்ட்டையும் கதவில் எழுதிய எழுத்தையும் ஒதுக்கிவிட்டு, முதலில் வண்டிக்கு அடியில் போக வேண்டும். பல ராம்ப் டிரக்குகளின் சேசிஸ் வெட்டி நீட்டப்பட்டது. கேபினுக்கும் பின் அச்சுக்கும் நடுவே, இரு பக்கச் சட்டங்களிலும் வெல்டு ஓடியிருக்கும். நல்ல பட்டறை சாய்வாக வெட்டி, உள்ளே தகடு கொடுத்து இணைத்திருக்கும். அவசரப் பட்டறை நேர்க்கோட்டில் வெட்டி, மேலே ஒரு பட்டியை ஒட்டியிருக்கும். அந்தப் பட்டி முடியும் இடத்தில், சட்டத்தின் கீழ் ஓரத்தில், துருப் பொடி கசிந்து முடி போல ஒரு கோடு தெரிந்தால் அது விரிசல். கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்த்தால் தெரியும். பலரும் இந்த இடத்தைக் கறுப்பு பெயின்ட்டால் மூடியிருப்பார்கள். புதிய கறுப்பு பெயின்ட் ஒரே இடத்தில் மட்டும் இருந்தால் அங்கே இரண்டு மடங்கு நேரம் செலவிட வேண்டும்.

படுகைக்கும் சேசிஸுக்கும் நடுவில் பெரும்பாலும் மரக்கட்டை வைத்திருப்பார்கள். இரும்போடு இரும்பு உரசாமல் இருக்க வைத்தது அது. ஐம்பது ஆண்டுகளில் அந்தக் கட்டை நீரை உறிஞ்சி, தான் உட்கார்ந்திருக்கும் இரும்பின் மேற்புறத்தையே அரித்துவிடும். கீழிருந்து பார்த்தால் சட்டம் கெட்டியாகத் தெரியும். படுகையைத் தூக்கினால்தான் உண்மை தெரியும்.

சக்கரம் அடுத்தது. அந்தக் கால லாரிகளில் பல துண்டுகளாகச் சேரும் ரிம்கள் உண்டு. அவற்றில் சில, காற்றடிக்கும்போதே சிதறி ஆளைக் கொன்றவை. இரண்டு துண்டாகச் சேரும் ஃபயர்ஸ்டோன் ஆர்எச்-5 வகைக்கு அமெரிக்கப் பட்டறைகளில் கெட்ட பெயர் உண்டு. இத்தகைய ரிம்களைக் கையாள்வதற்கென்றே அந்நாட்டுத் தொழில் பாதுகாப்புத் துறை 1980-இல் தனி விதிமுறை கொண்டுவந்தது. வேறு சில லாரிகளில் 16.5 அங்குல ரிம் இருக்கும். அந்த அளவில் நல்ல டயர் கிடைப்பது அரிதாகிவிட்டது. 16 அங்குல டயரை அதில் ஏற்ற முயன்றால் விளிம்பு உடைந்து உயிருக்கே ஆபத்து. யார் எந்தக் கட்சியில் இருந்தாலும் இங்கே கருத்து வேறுபாடு இல்லை. சக்கரமும் டயரும் முதலில் மாற வேண்டும். பலர் 19.5 அங்குல ரிம்முக்குப் போய்விடுகிறார்கள். இன்றைய நடுத்தர லாரிகளின் டயர் அதற்குக் கிடைக்கும்.

## முதல் பதில்: அப்படியே இருக்கட்டும்

இந்தப் பதிலின் வேர் பழைய கார்ச் சங்கங்களில் இருக்கிறது. 1935-இல் தொடங்கிய அமெரிக்கப் பழங்கால மோட்டார் கார்ச் சங்கம், புதுப்பிக்கப்படாத அசல் வண்டிகளுக்கென்றே தனிப் பிரிவு வைத்திருக்கிறது. ஒரு வண்டியை எத்தனை முறை வேண்டுமானாலும் புதுப்பிக்கலாம், அசலாக இருப்பது ஒரு முறைதான் என்பது அவர்கள் வாதம். ராம்ப் டிரக்குக்கு இது கூடுதலாகப் பொருந்தும் என்று தோன்றுகிறது. பந்தயக் காரைப் பற்றிப் படமும் பதிவும் ஏராளம்; அதைச் சுமந்த லாரியைப் பற்றி மிகக் குறைவு. வால் பக்கம் சாய்தளத்தைத் தாங்கும் கொக்கியை எப்படி வளைத்தார்கள், உதிரி டயரை எங்கே செருகினார்கள், காரைக் கட்டும் சங்கிலிக்கு எங்கே துளை போட்டார்கள் என்பதெல்லாம் அந்த இரும்பில் மட்டுமே இருக்கும் தகவல். அதை வெட்டிப் போட்டால் திரும்பக் கிடைக்காது.

இந்தக் கட்சியின் நேர்மையான வடிவம், பாதுகாப்புக்கு வேண்டியதை மட்டும் தொடுகிறது: டயர், ரிம், பிரேக் குழாய்கள், மின் கம்பிகள், விளக்குகள். 1967-க்கு முந்தைய லாரிகளில் பலவற்றுக்கு மாஸ்டர் சிலிண்டர் ஒற்றைச் சுற்று. எங்கே ஒரு குழாய் ஒழுகினாலும் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். அதை இரட்டைச் சுற்றாக மாற்றுவதை அசல் பிரியர்களும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள்.

பலவீனம் வெளிப்படை. இப்படி வைத்த வண்டி கண்காட்சிக்குப் போகலாம். பக்கத்து ஊர்ப் பந்தயத் திடலுக்கு ஒரு இலேசான காரை ஏற்றிப் போகலாம். வாரந்தோறும் 300 மைல் போக விரும்புபவருக்கு இது உதவாது. ‘அசலாக வைத்திருக்கிறேன்’ என்று சொல்லிக்கொண்டே முழு எடைக் காரை ஏற்றி மலையிறக்கத்தில் இறங்குபவர்கள் இந்தக் கட்சியின் பெயரைக் கெடுக்கிறார்கள்.

## இரண்டாம் பதில்: எஞ்சினும் கியரும் புதிதாக

இதன் வேர் கலிஃபோர்னியாவின் ஹாட் ராட் மரபு. அங்கே 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ இதழ் வெளிவரத் தொடங்கியபோதே, பழைய உடலில் புதிய எஞ்சின் என்பது நிலைத்துவிட்ட வழக்கம். ராம்ப் டிரக்கைக் கட்டியவர்களும் அந்தக் கூட்டம்தான். ஆகவே எஞ்சின் மாற்றுவது மரபு மீறல் இல்லை, மரபின் தொடர்ச்சியே என்று இந்தக் கட்சி சொல்வதில் நியாயம் உண்டு.

இவர்கள் காட்டும் குறையும் மெய்யானது. அன்றைய நான்கு கியர்ப் பெட்டிகள், செவ்ரோலேயின் எஸ்எம்-465, ஃபோர்டும் டாட்ஜும் போட்ட என்பி-435 போன்றவை, முதல் கியரில் ஆறரைக்கு ஒன்று என்று மலையையே இழுக்கும். ஆனால் நான்காவது கியர் நேரடி. அதற்கு மேல், எஞ்சின் சுற்றைக் குறைக்கும் ஓவர்டிரைவ் கிடையாது. பின் அச்சில் 4.56 பல் விகிதம், 32 அங்குல உயர டயர் என்று வைத்தால், மணிக்கு 60 மைலில் எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,880 சுற்று சுற்றும். 75 மைலில் 3,600. ஒரு பழைய ஆறு சிலிண்டரையோ டிரக் வி8-ஐயோ அப்படி மணிக்கணக்கில் ஓட்டினால் சத்தமும் சூடும் பெட்ரோல் செலவும் தாங்காது. கியர் வெண்டர்ஸ் வகை 0.78 விகித ஓவர்டிரைவைப் பின்னால் சேர்த்தால் 60 மைலில் 2,240 சுற்றுக்கு இறங்கிவிடும். என்வி-4500 என்ற ஐந்து கியர்ப் பெட்டி, 4எல்80-இ என்ற ஆட்டோமேட்டிக் ஆகியவையும் ஏறத்தாழ அதே பலன் தரும்.

எஞ்சின் தேர்வில் இரண்டு முகாம்கள். ஒன்று, 1999 முதல் வந்த ஜெனரல் மோட்டார்ஸின் 6.0 லிட்டர் வி8. 300 குதிரைத்திறன் அளவில், எரிபொருள் இன்ஜெக்‌ஷனோடு, பழைய எஞ்சின் இருந்த இடத்திலேயே அதிகப் பாடில்லாமல் உட்காரும். மற்றொன்று, 1989-இல் டாட்ஜ் பிக்கப்பில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ் டீசல். திறன் 160 குதிரைதான். ஆனால் 400 பவுண்டு-அடி முறுக்குவிசையைக் குறைந்த சுற்றிலேயே கொடுக்கும். டீசல் பக்கம் ஆசை அதிகம். அதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். அந்த எஞ்சின் ஏறத்தாழ 500 கிலோ. சிறிய செவ்ரோலே வி8 அதில் பாதியைச் சற்றே தாண்டும். முன் அச்சில் 240 கிலோ கூடுகிறது. மேலே போட்ட எடைக் கணக்கில் மிச்சமிருந்த 1,080 கிலோவிலிருந்து அந்த 240-ஐக் கழித்தால் 840. சுமை ஏற்றத்தான் எஞ்சினை மாற்றினோம். மாற்றியதால் ஏற்ற முடிகிற சுமையே குறைந்துவிட்டது.

இதைவிடப் பெரிய பலவீனம் பிரேக்கில் இருக்கிறது. 4,500 கிலோ வண்டி 60 மைலில் சுமக்கும் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 16 லட்சம் ஜூல். 75 மைலில் அது 25 லட்சமாகும். வேகம் கால் பங்கு கூடினால் பிரேக் விழுங்க வேண்டிய சூடு பாதிக்கு மேல் கூடுகிறது. செவ்ரோலே தன் இலகு லாரிகளுக்கு முன்பக்க டிஸ்க் பிரேக்கை எல்லாவற்றிலும் கொண்டுவந்தது 1971-இல். அதற்கு முந்தியவை பெரும்பாலும் நான்கு சக்கரமும் டிரம்.

லாஸ் ஏஞ்சலீஸுக்கு வடக்கே ஐந்தாம் எண் நெடுஞ்சாலையில் கிரேப்வைன் என்று ஓட்டுநர்கள் அழைக்கும் மலைச்சரிவு இருக்கிறது. நூற்றுக்கு ஆறு சரிவு, பல மைல் நீளம். 4,500 கிலோ வண்டியை அதில் 55 மைல் வேகத்தில் ஏற்ற, சரிவுக்கு மட்டுமே 65 கிலோவாட், ஏறத்தாழ 87 குதிரைத்திறன், வேண்டும். ஏறும்போது புது எஞ்சின் அதைச் சிரமமில்லாமல் கொடுக்கும். இறங்கும்போது அதே 65 கிலோவாட் வண்டியைத் தள்ளும். காற்றும் டயரும் ஒரு பங்கைத் தின்னும். மீதியை எஞ்சினோ பிரேக்கோ தாங்க வேண்டும். பழைய பெட்ரோல் எஞ்சினில் கீழ் கியர் போட்டுக் காலை எடுத்தால் அது தானே பிடித்து நிறுத்தும். அந்தக் கால டீசலில் காற்று வரும் வழியை அடைக்கும் மூடி இல்லை. எக்ஸாஸ்ட் பிரேக் தனியாகப் பொருத்தாவிட்டால் அது அவ்வளவாகப் பிடிக்காது. ஓவர்டிரைவை எடுக்க மறந்தால் இன்னும் மோசம். ஏற்றத்துக்காக மாற்றிய எஞ்சின் இறக்கத்தில் பழையதைவிடக் குறைவாக உதவக்கூடும் என்பதை இந்தக் கட்சி போதுமான அளவு பேசுவதில்லை. பிரேக், அச்சு, ஸ்பிரிங் பட்டைகள் எல்லாவற்றையும் முதலில் முடித்துவிட்டு எஞ்சினைக் கடைசியில் தொடுபவர்களின் வண்டிகளே இந்தக் கட்சிக்கு வலுவான சாட்சி.

## மூன்றாம் பதில்: கீழிருந்து வேறு வண்டி

அச்சு, பிரேக், ஸ்பிரிங், எஞ்சின், கியர் என்று எல்லாவற்றையும் தனித்தனியாக மாற்றுவதற்குப் பதில், எல்லாம் ஏற்கெனவே பொருந்தியுள்ள ஒரு பிற்கால சேசிஸை எடுத்து, அதன்மீது பழைய கேபினையும் படுகையையும் இறக்குவது. இதற்கு அதிகம் பேசப்படுவது தொண்ணூறுகளின் ஜெனரல் மோட்டார்ஸ் சி-3500 எச்டி. அதன் வரம்பு 15,000 பவுண்டு, ஏறத்தாழ 6,800 கிலோ. சக்கரம் தொழிற்சாலையிலிருந்தே 19.5 அங்குலம். முதுகில் ஏற்றும் பதில்களில் எடைக் கணக்கை நேருக்கு நேர் எதிர்கொள்வது இது ஒன்றே எனலாம். முழு எடைக் காரை ஏற்றி, கருவிகளும் ஏற்றி, வரம்புக்குள்ளேயே நிற்கலாம்.

பலவீனம் தாள்களில் தொடங்குகிறது. வண்டியின் அடையாள எண் சேசிஸோடும் பதிவோடும் பிணைந்தது. கேபினில் உள்ள பழைய தகட்டைப் புதிய சேசிஸின் அடையாளமாகக் காட்டுவது பல மாநிலங்களில் சிக்கல். தகட்டைக் கழற்றி மாட்டுவது குற்றமாகவே ஆகலாம். எந்த ஆண்டு வண்டியாகப் பதிவது, காப்பீட்டுக்காரர் அதை எப்படி மதிப்பிடுவார் என்பதெல்லாம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும்.

வரம்பு கூடும்போது சட்டமும் கூடவே வரும். 10,001 பவுண்டும் அதற்கு மேலும் வரம்புள்ள வண்டி தொழிலுக்காக மாநில எல்லை தாண்டினால், கூட்டாட்சி வணிக வாகன விதிகளுக்குள் விழும். சொந்தப் பொருளை எப்போதாவது, கூலியோ தொழில் நோக்கமோ இல்லாமல் கொண்டுபோவதற்கு விலக்கு உண்டு. ஆனால் பரிசுப் பணமும் ஆதரவாளர் பெயரும் வரும்போது பொழுதுபோக்கு எங்கே முடிகிறது, தொழில் எங்கே தொடங்குகிறது என்பது தகராறுக்குரியது. கதவில் பளபளக்கும் ஆதரவாளர் பெயர் சோதனைச்சாவடியில் அந்தக் கேள்வியைக் கிளப்பக்கூடும்.

இன்னொரு எதிர்ப்பு மனம் சார்ந்தது. கேபினும் படுகையும் மட்டும் பழையது என்றால், ஓடுவது எது? பழைய வண்டியா, அதன் உடை போட்ட புதிய வண்டியா? ஏற்கெனவே சேசிஸ் துருவில் போன லாரிக்கு இந்தக் கேள்வியால் நட்டமில்லை. சேசிஸ் நன்றாக உள்ள ஓர் அசல் லாரியை இதற்காகக் கலைப்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

## நான்காம் பதில்: டிரெய்லர் போதுமே

கணக்கை மட்டும் பார்த்தால் இந்தப் பதிலை மறுப்பது கடினம். இரண்டு அச்சுள்ள சாதாரணத் திறந்த டிரெய்லர் காலியாக ஒரு டன்னுக்குக் கீழே. மொத்த வரம்பு 7,000 பவுண்டு அளவில். செவெல் கார் அதில் வசதியாக ஏறும். தளம் தரையிலிருந்து அரை மீட்டரைச் சற்றே தாண்டும். ராம்ப் டிரக்கின் தளம் இரட்டைச் சக்கரத்துக்கு மேலே ஒரு மீட்டரை ஒட்டி இருக்கும். சாதாரண உயரமுள்ள காரின் ஈர்ப்புமையம் அதன் சக்கர அடியிலிருந்து அரை மீட்டருக்கு மேலே. ஆக ராம்ப் டிரக்கில் அது சாலையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஆடுகிறது. வளைவிலும் பக்கக் காற்றிலும் இது தெரியும். ஏற்றும்போதும் அப்படித்தான். வால் 95 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து, சாய்தளம் 2.4 மீட்டர் நீளமே என்றால் ஏற்றம் 23 பாகை. தாழ்ந்த கார் உச்சியில் வயிறு தட்டி நின்றுவிடும். வாலைச் சரித்து 60 சென்டிமீட்டருக்கு இறக்கினால் அதே சாய்தளத்தில் 15 பாகைக்குள் வந்துவிடும். பழைய பட்டறைகள் வாலைச் சரித்துக் கட்டியதற்குக் காரணம் இதுதான்.

ராம்ப் டிரக்கின் பக்கமும் சொல்ல இருக்கிறது. டிரெய்லருக்கு வேகத்தில் வாலாட்டும் நோய் உண்டு. எடையைச் சரியாக முன்னால் வைக்காவிட்டால் இழுக்கும் வண்டியையே கவிழ்த்துவிடும். ராம்ப் டிரக் ஒரே உடல். பின்னோக்கி எடுப்பது எளிது, நிறுத்துமிடம் குறைவு, பதிவும் டயரும் ஒரே வண்டிக்கு. பின்னால் இன்னொரு டிரெய்லரையும் கட்டலாம். ஆனால் எடைக் கணக்கு அதைத் தாங்கினால்தான். டிரெய்லர் கட்சிக்கும் ஒரு மறதி உண்டு. இழுக்கும் வண்டியின் வரம்பும் டிரெய்லரின் வரம்பும் சேர்த்தே சட்டம் பார்க்கும். பிக்கப்பும் டிரெய்லரும் சேர்ந்து 10,000 பவுண்டை எளிதில் தாண்டிவிடும். ஆகவே டிரெய்லருக்குப் போனால் விதிகளிலிருந்து தப்பலாம் என்பது பெரும்பாலும் தவறான நம்பிக்கை.

## தீராமல் நிற்பவை

நான்கையும் சேர்த்துப் பார்க்கும்போது, அவை ஒரே கேள்விக்கு வந்த போட்டிப் பதில்கள் என்பதைவிட, வெவ்வேறு சுமைக்கும் தூரத்துக்கும் வந்த பதில்கள் என்று கொள்வதே பொருத்தமாக இருக்கிறது. இலேசான பந்தயக் கார், குறுகிய தூரம், அசல் எழுத்தோடு வந்த லாரி என்றால் முதல் பதில். முழு எடைக் கார், நீண்ட தூரம், சேசிஸ் கெட்ட லாரி என்றால் மூன்றாவது. நடுவில் உள்ள பெருங்கூட்டத்துக்கு இரண்டாவது பதில், பிரேக்கிலிருந்து தொடங்கும் பட்சத்தில் மட்டும். கேபினில் ஏறி ஓட்டும் ஆசை இல்லாமல், காரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் நான்காவதை மறுக்க வலுவான காரணம் எதுவும் இல்லை.

ஆனாலும் சில இடங்களில் எந்தக் கட்சியும் உறுதியாகப் பேச முடியாது. வரம்பு என்ற எண்ணைத் தயாரிப்பாளர்தான் வைக்கிறார். உரிமையாளர் கனமான ஸ்பிரிங்கும் பெரிய அச்சும் போட்டால் வண்டி உண்மையில் வலுப்பெறலாம். கதவோரத் தகட்டில் உள்ள எண் பொதுவாக மாறுவதில்லை. அப்படி மேம்படுத்திய லாரிக்கு எவ்வளவு ஏற்றலாம் என்று சொல்லும் பொறுப்பு யாருடையது? ஒரு பொறியாளர் கணக்கிடலாம். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பெயர் தெரியாத ஒரு பட்டறையில் வெட்டி ஒட்டப்பட்ட சட்டத்தின் வெல்டுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. சாயம் ஊற்றிச் செய்யும் சோதனை மேற்பரப்பு விரிசலைக் காட்டும். உள்ளே உள்ளதைக் காட்ட மீயொலியோ எக்ஸ்ரேயோ வேண்டும். விற்பனைக்கு வரும் ஒரு பழைய லாரிக்கு அவ்வளவு தூரம் போகிறவர்கள் மிகச் சிலர்.

அசல் என்பதன் எல்லையும் இன்னும் வரையப்படவில்லை. எழுபதுகளில் ஒரு குழுவிடமிருந்து இன்னொரு குழுவுக்குக் கைமாறியபோதே பல லாரிகளுக்கு எஞ்சின் மாறியது, பெயின்ட் மாறியது, கதவு எழுத்து மாறியது. மேல் பெயின்ட்டைச் சுரண்டினால் கீழே முந்தைய ஓட்டுநரின் பெயர் தெரியும். அதையும் சுரண்டினால் அதற்கும் முந்தையவரின் பெயர். எந்த அடுக்கில் நிறுத்துவது என்பதை, சுரண்டும் தாளைக் கையில் எடுத்தவர்தான் இப்போதைக்கு முடிவு செய்துகொண்டிருக்கிறார்.